மாலை போடாத படம்

சிங்கப்பூரில், ஈசூனில் உள்ள அம்மாவின் வீட்டுக் கூடத்தில் இறந்துபோனவர்களின் படங்கள் மூன்று மாட்டியிருக்கும். அப்பா, பெரியப்பா, அக்கா. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் சந்தன மாலை உண்டு, ஆளுக்கொரு சிவப்பு மின்விளக்கும் உண்டு. அக்காவுக்கு இரண்டும் கிடையாது. அம்மா தினமும் காலையில் ஒரு முழத்துக்கும் குறைவான மல்லிகைச் சரத்தை எடுத்து, அந்தச் சட்டத்தின் கீழ் விளிம்பில் செருகி வைப்பார். அவ்வளவுதான்.

எனக்குக் கல்யாணமான புதிதில் என் மனைவி மாமியாரிடம் நல்ல பெயர் வாங்க ஆசைப்பட்டாள். தேக்கா சந்தையில் ஒரு சந்தன மணிமாலை வாங்கி வந்து, ஸ்டூல் போட்டு ஏறி, அக்கா படத்துக்கு மாட்டியும் விட்டாள். சமையலறையிலிருந்து வந்த அம்மா அதைப் பார்த்ததும் ஒரே இழுப்பு. மணிகள் கூடமெங்கும் உருண்டன. "எம் பிள்ளைக்கு மாலை போடாத!" என்று கத்தினார். அம்மா கத்தி அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. என் மனைவி முப்பத்து மூன்று வருடமாக அந்த மணிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறாள். சோபாவை நகர்த்தும்போதெல்லாம் ஒன்று கிடைக்கிறது என்பாள். அது கொஞ்சம் மிகைதான்.

படத்தில் அக்காவுக்கு மூன்று வயது. சிராங்கூன் ரோட்டில் அந்தக் காலத்தில் இருந்த ஒரு ஸ்டூடியோவில் கறுப்பு வெள்ளையில் எடுத்து, மேலே கையால் வண்ணம் தீட்டிய படம். பின்னால் தொங்கும் திரையில் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு மாளிகையும் படிக்கட்டும். பிரம்பு நாற்காலி, அதன்மேல் விரித்த துணி, அதில் அக்கா. பச்சைப் பாவாடை, ரோஸ் நிறச் சட்டை, நெற்றிச்சுட்டி, தலை கொள்ளாத பூ, காதில் ஜிமிக்கி. கையில் ஒரு பொம்மை. பொம்மை சிரிக்கும், அக்கா சிரிக்க மாட்டாள்.

படம் எடுத்த அடுத்த மாதம் காய்ச்சல் வந்து மூன்றே நாளில் போய்விட்டாள் என்பதுதான் வீட்டில் சொல்லப்படும் கதை. எனக்கு அப்போது பத்து மாதம். அக்காவை எனக்கு நினைவில்லை, படத்தைத்தான் தெரியும். நன்றாகவே தெரியும், ஏனென்றால் நான் எந்தச் சேட்டை செய்தாலும் அப்பா அந்தப் படத்தைத்தான் காட்டுவார். "பாரு, அக்கா எப்படி சமத்தா உக்காந்திருக்கா." எனக்கு அவளைப் பிடிக்காது. இதை அறுபத்து மூன்று வயதில் எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை. அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். எங்கள் வீட்டில் அழாத பிள்ளைக்குத்தான் பூ, பலகாரம் எல்லாம். நானும் அழாமல் இருந்து பார்த்தேன். அது பழகிவிட்டது. அப்பா போனபோதுகூடக் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. மனைவி என்னைக் கல்லுளிமங்கன் என்பாள். நான் மறுத்துப் பேசுவதில்லை, பேசாமல் இருப்பதைத்தானே அவள் சொல்கிறாள்.

பலகாரம் என்றேன். எங்கள் குடும்பத்தில் கல்யாணமாகாமல் இறந்த பெண் பிள்ளையைக் கன்னி என்று கும்பிடுவார்கள். வருடத்துக்கு ஒருமுறை பொங்கலுக்கு முந்தைய வெள்ளிக்கிழமையும், வீட்டில் கல்யாணம் வந்தால் அதற்கு முன்பும், கன்னிக்குப் படைக்க வேண்டும். புதுப் பாவாடை சட்டை, வளையல், பூ, பால் கொழுக்கட்டை எல்லாம் படத்தின் முன்னால் வைப்போம். படையல் முடிந்ததும் பாவாடையை யாராவது ஒரு சின்னப் பெண்ணுக்குக் கொடுத்துவிடுவோம். அப்பாவுக்குப் பிறகு பாவாடை வாங்குவது என் வேலையானது. முதல் வருடம் கடைக்காரப் பெண் "பேத்திக்கா அங்கிள்?" என்று கேட்டாள். "அக்காவுக்கு" என்றேன். அவள் மூன்று வயது அளவுப் பாவாடையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அதிலிருந்து பேத்திக்கு என்றே சொல்லிக்கொள்கிறேன்.

இந்த வருடம் என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பு வரும் வெள்ளியன்று படையல். அம்மாவுக்கு எண்பத்தாறு. போன வருடம்தான் கண்ணில் புரை எடுத்தார்கள். கண் தெளிந்ததும் அக்கா படத்தில் பூஞ்சை பிடித்திருப்பது தெரிந்துவிட்டது. முகத்தின் ஓரமும் இடுப்புக்குக் கீழும் மங்கலாகச் சாம்பல் பூத்திருந்தது. "பேத்தி கல்யாணத்துக்கு அவ இப்படியா வருவா? சுத்தம் பண்ணிக் குடுடா" என்றார். என் மகளும் படத்தைப் பார்த்து, "அத்தை அப்படியே நான்தான்லா! கண்ணு, மூக்கு எல்லாம் சேம்" என்றாள். எல்லாரும் எப்போதும் சொல்வதுதான்.

டன்லப் ஸ்திரீட் பக்கம் ஒரு மாடிக் கடையில் பழைய படங்களைச் சரிசெய்கிறார்கள். கடையை நடத்தும் பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். சட்டத்தைப் பிரித்து, கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்த படத்தைப் பொறுமையாக உரித்தெடுத்து ஸ்கேன் செய்ய ஒரு நாள் ஆகும் என்றார். மறுநாள் போனபோது அக்காவின் வலது காது திரை முழுக்க நிறைந்திருந்தது.

"சார், ஒரு டவுட். இந்த ஜிமிக்கி போட்டோவுல இல்ல. மேல வரைஞ்சிருக்காங்க. அப்படியே வச்சிரவா, எடுத்துரவா?"

"எடுத்தா என்ன ஆகும்?"

"வெறுங்காது சார். ஓட்டையே இல்ல, பாருங்க."

பார்த்தேன். மஞ்சள் வண்ணத்தில் நாலு கோடு, கீழே மூன்று புள்ளி. அதற்கு அடியில் மொழுமொழுவென்று ஒரு காது. அக்காவுக்கு முதல் வயதிலேயே காது குத்தியாகிவிட்டது. அவளுடைய சின்னத் தோடு இரண்டும் அம்மாவின் குங்குமச் சிமிழில் இன்னும் கிடக்கின்றன. பூஞ்சை காதை மறைத்திருக்கும் என்றேன். பூஞ்சை காது ஓட்டையை அடைக்காது என்று எனக்கும் தெரியும்.

"பின்னாடி என்னமோ எழுதியிருக்கே, நீங்க பாத்ததில்லையா?" என்று அவர் படத்தைத் திருப்பிக் காட்டினார். ஸ்டூடியோக்காரர் வண்ணம் தீட்டுகிறவருக்கு எழுதிய குறிப்பு. பென்சில் எழுத்து, சட்டத்துக்குள் வெளிச்சம் படாமல் இருந்ததால் நேற்று எழுதியதுபோல் இருந்தது.

பையன். பெண் வேஷம். கலர். ஜிமிக்கி வரையவும்.

அவர் சிரித்துவிட்டார். "ஓ, மொட்டைக்கு முன்னாடி எடுக்கிறதா! எங்க அண்ணனுக்கும் இருக்கு சார். முடி எறக்குறதுக்கு முன்னாடி சடை பின்னி, பூ வச்சு, பாவாடை கட்டி ஒரு போட்டோ எடுத்துருவாங்கல்ல. அவன் கல்யாணத்துல அத பெருசா பிரிண்ட் போட்டு வச்சு மானத்த வாங்கினோம்." பிறகு என் முகத்தைப் பார்த்து, "இது யாரு சார், நீங்களா?" என்றார்.

எங்கள் வீட்டில் பையன் என்றால் நான் ஒருவன்தான். எனக்கு மூன்று வயது ஆகும்போதுதான் மொட்டை போட்டுக் காது குத்தினார்கள். அக்கா இறந்த துக்கத்தில் தள்ளிப்போனது என்று சொல்லக் கேட்டிருக்கிறேன்.

"ஆமா" என்றேன்.

முப்பத்திரண்டு வருடம் நான் துறைமுகக் கிடங்கில் வேலை பார்த்தேன். பெட்டிமேல் ஒட்டிய சீட்டும் உள்ளே இருக்கும் சரக்கும் ஒன்றுதானா என்று சரிபார்ப்பதுதான் வேலை. அந்த வேலையில் நான் கெட்டிக்காரன் என்று பெயர். அறுபது வருடம் என் தலைக்கு மேல் தொங்கிய படத்தை ஒருநாளும் திருப்பிப் பார்த்ததில்லை.

"இன்னொண்ணு சார்" என்று அவர் படத்தைக் கீழே நகர்த்தினார். "இடுப்புகிட்ட நாலு விரல் தெரியுது. யாரோ நாற்காலிக்குப் பின்னாடி துணிக்குள்ள ஒளிஞ்சுகிட்டு பிள்ளைய புடிச்சிருக்காங்க. சின்னப் பிள்ளைங்க ஆடாம இருக்க அப்படித்தான் செய்வாங்க. பாவாடையோட பச்சையையே விரல் மேலயும் அடிச்சுட்டாங்க, அதான் இத்தன நாள் தெரியல. பூஞ்சைய எடுக்கும்போது பச்சையும் வந்துரும். விரல மறைச்சுரவா?"

"விரல் இருக்கட்டும்."

"ஜிமிக்கி?"

"அதுவும் இருக்கட்டும்."

கீழே இறங்கி வந்து ஒரு தே தாரிக் வாங்கி ஒரு வாய் குடித்தேன். சர்க்கரை அதிகம் என்று தோன்றியது. வேறு எதுவும் தோன்றவில்லை. எதிரே பூக்கடையில் ஆள் உயரத்துக்கு மாலை தொங்கிக்கொண்டிருந்தது. ஏதாவது உணர வேண்டும் என்று சற்று நேரம் காத்திருந்து பார்த்தேன். தேநீர்தான் ஆறியது.

ரயிலில் போகும்போது கணக்கு மெல்லப் புரிந்தது. நான் பொறாமைப்பட்ட அந்தச் சமத்துப் பிள்ளை நான்தான். வருடா வருடம் கொழுக்கட்டை வைத்துக் கும்பிட்டது என்னைத்தான். பாவாடை வாங்கிக்கொடுத்ததும் எனக்கேதான். சிரிப்பு வந்திருக்கலாம். வரவில்லை. வந்தது வேறொரு யோசனை. உயிரோடு இருக்கிறவன் படத்தை வைத்து, கல்யாண வீட்டில், செத்தவளுக்கு என்று படையல் போடப்போகிறோம். எனக்குச் சாமி நம்பிக்கை குறைவு. பயம் குறைவு என்று சொல்ல மாட்டேன். மகள் கல்யாணம் என்று வந்தால் பகுத்தறிவெல்லாம் செருப்போடு வெளியே நின்றுவிடுகிறது.

படம் மாறிப்போய்விட்டது என்று அம்மாவிடம் சொல்லிவிடலாம். அப்பா எப்போதோ தவறுதலாக வேறு படத்துக்குச் சட்டம் போட்டுவிட்டார், அம்மாவும் வயதாக ஆக மறந்துவிட்டார் என்றுதான் நான் அப்போது நினைத்தேன். ஆனால் சொன்னால் அம்மாவுக்கு மிச்சம் என்ன? அக்காவின் படம் வேறு கிடையாது. எண்பத்தாறு வயதில் ஒரு தாயிடம் போய், நீ தினம் பூ வைத்த பிள்ளை உன் பிள்ளை இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லாமல் படைத்தால் மகளுக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று பயம். மூன்று நாள் இதையே சுமந்துகொண்டு திரிந்தேன். மனைவி, "என்ன, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு, "எப்பவும் அப்படித்தானே" என்று அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் பிள்ளை வீட்டார் வரைக்கும் போய்விடும்.

வியாழக்கிழமை படத்தை வாங்கிக்கொண்டு ஈசூனுக்குப் போனேன். அம்மா மட்டும்தான் இருந்தார். ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து மறுநாளைக்குப் பூ தொடுத்துக்கொண்டிருந்தார். பையிலிருந்து படத்தை எடுத்து அவர் மடியில் வைத்தேன். சொல்வதா வேண்டாமா என்று அப்போதும் முடிவு செய்யவில்லை.

முகத்தைத் துடைத்துவிட்டது போல் படம் பளிச்சென்று இருந்தது. அம்மா முகத்தைப் பார்த்தார். பிறகு பாவாடையைப் பார்த்தார். இடுப்பருகே அவர் விரல் போய் நின்றது. படத்தில் இருந்த நாலு விரல்மேல் தன் நாலு விரலை வைத்தார்.

"இது என் கை" என்றார்.

நான் படத்தை அவர் மடியில் சாயாமல் பிடித்துக்கொண்டேன்.

"நீ உக்காரவே மாட்டேன்னுட்ட. படம் புடிக்கிறவர் பொம்மைய ஆட்டி ஆட்டிப் பாத்தாரு. எறங்கி எறங்கி ஓடுற. நான்தான் துணிக்குள்ள பூந்துகிட்டு இறுக்கிப் புடிச்சேன். அப்பவும் அழுதுகிட்டே இருந்த. கண்ணு செவந்தது தெரியாம கலர் அடிச்சுக் குடுத்தாரு."

"உங்களுக்குத் தெரியுமா?" என்றேன். முட்டாள்தனமான கேள்விதான்.

"தெரியாம? பெத்தவளுக்குத் தெரியாதா யாரு எந்தப் பிள்ளைன்னு?"

தொடுத்த பூவை ஓரமாக வைத்துவிட்டு அம்மா சொல்லத் தொடங்கினார். யாரிடமோ காய்கறி விலை சொல்வது போன்ற குரலில்தான் சொன்னார். "அவள போட்டோவே எடுக்கல. சின்னப் பிள்ளைய படம் புடிச்சா ஆயுசு கொறையும்னு சொன்னாங்க. பயந்துகிட்டு எடுக்கல. எடுக்காமலே போயிட்டா. உனக்கு மொட்டை போடுறதுக்கு முன்னாடி பெண் வேஷம் போட்டு படம் புடிக்கணும்னு உங்கப்பாதான் சொன்னாரு. பாவாடை புதுசு வாங்க வேண்டாம், அவளோடது பெட்டியில இருக்குன்னு நான்தான் எடுத்தேன். கட்டிவிட்டுப் பாத்தா... அளவுகூட மாத்த வேண்டியதில்ல. உங்கப்பா வெளிய போயிட்டாரு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. வீடு மாறி வந்தோம். படத்த மாட்டுனோம், உன் படமாத்தான் மாட்டுனோம். பக்கத்து வீட்டு அம்மா வந்து பாத்துட்டு, 'இதுதான் உங்க போன பிள்ளையா, லட்சுமி மாதிரி இருக்காளே'ன்னாங்க. நான் ஆமான்னுட்டேன். ஒரு வாட்டிதான் சொன்னேன். உங்கப்பாவும் இல்லேன்னு சொல்லல. சொன்னத எப்படி திருப்பி எடுக்கிறது? நாளாக நாளாக அவளுக்கும் ஒரு படம் இருக்குன்னு ஆயிருச்சு."

அப்பா என்னை அந்தப் படத்தைக் காட்டித் திட்டியதெல்லாம் நினைவுக்கு வந்தது. அப்பாவும் நாளாக நாளாக நம்பிவிட்டாரா, இல்லை நடித்தாரா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. போனவரை எதற்குக் கூண்டில் ஏற்ற வேண்டும்.

"உயிரோட இருக்கிற பிள்ளை படத்துக்குப் படையல் வச்சீங்களே அம்மா. உங்களுக்குப் பயமா இல்லையா?"

"மாலை போட்டேனா?" அம்மாவின் குரல் அன்று முதல்முறையாக ஏறியது. "என்னைக்காவது உனக்கு மாலை போட விட்டேனா? விளக்கு வச்சேனா? உன் பொண்டாட்டி போட்டப்போ பிச்சு எறிஞ்சேன்ல? அவ இன்னமும் அதச் சொல்லிக்காட்டுறா. காட்டட்டும். பூ மட்டும்தான் வச்சேன். பூ உசுரோட இருக்கிற பிள்ளைக்கும் வைக்கலாம்."

அத்தனை வருடமும் ஒரே படத்தில் ஒரு பிள்ளையைக் கும்பிட்டுக்கொண்டு, இன்னொரு பிள்ளையைக் காவல் காத்திருக்கிறார். அந்த இரண்டாவது பிள்ளையை அம்மா சரியாகப் பார்த்ததேயில்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதை அவரிடம் சொல்லியிருக்கலாம். எனக்குச் சொல்ல வராது.

"அக்கா எப்படி இருப்பா?" என்று மட்டும் கேட்டேன்.

அம்மா வெகுநேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். கீழே யாரோ வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார்கள், அந்த பீப் பீப் சத்தம் நின்றது.

"மறந்துட்டேன்டா. கண்ண மூடினா இந்த மூஞ்சிதான் வருது. அவ மூஞ்சி போயிருச்சு. உன் மூஞ்சிதான் இருக்கு."

மறுநாள் படையலுக்கு எல்லாரும் வந்தார்கள். அம்மா படத்தை வைக்கச் சொல்லவில்லை. மனைப்பலகையில் புதுப் பாவாடையை விரித்து, அதன்மேல் சட்டை, வளையல், பூ. எல்லாவற்றுக்கும் மேலே சிமிழிலிருந்து எடுத்த அந்த இரண்டு சின்னத் தோடுகள். "அத்தை படம் எங்க பாட்டி?" என்று மகள் கேட்டதற்கு, "கடையில இன்னும் குடுக்கல" என்று அம்மா கண்ணை இமைக்காமல் சொன்னார். அறுபது வருடப் பழக்கம். படம் உள்ளே அலமாரியில் சேலைகளுக்கு நடுவில் இருந்தது. நான் ஒன்றும் தெரியாதவன் போல் கொழுக்கட்டைத் தட்டை எடுத்து வைத்தேன்.

கற்பூரம் காட்டி முடிந்ததும் மகள் விழுந்து கும்பிட்டாள். அம்மா அவளுக்குத் திருநீறு பூசிவிட்டு, என்னைக் கூப்பிட்டார்.

"இங்க வா. கண்ணாடிய கழட்டு. உக்காரு."

அவருடைய நாற்காலியின் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். முழங்கால் மடக்கினால் வலிக்கும். அம்மா என் தாடையைப் பிடித்து, வெளிச்சத்துக்குத் திருப்பி, முகத்தைப் பார்த்தார். வழுக்கை, நரைத்த புருவம், கண்ணுக்குக் கீழே தொங்கும் சதை, காதில் தூர்ந்துபோன துளை. எதையும் விடாமல் பார்த்தார்.

"இப்ப இருந்தா அவளும் இப்படித்தான் கெழவியா இருப்பா" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, சிமிழில் விரலைத் தொட்டு, என் நெற்றி நடுவில் குங்குமத்தை வைத்தார். ஆண்களுக்கு இழுப்பதுபோல் இழுக்கவில்லை. வட்டமாக வைத்து, ஓரத்தை நகத்தால் சரிசெய்தார். சமையலறை வாசலில் நின்ற என் மனைவி, "என்ன அத்தை, அவருக்குப் போயி இவ்ளோ பெரிய பொட்டு?" என்று சிரித்தாள்.

"அவருக்கு இல்ல" என்றார் அம்மா. பிறகு என்னிடம், "ஆடாம உக்காரு" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. ஆடினால் பொட்டு கோணிவிடும் என்று அப்படியே உட்கார்ந்திருந்தேன்.